மாப்பிள்ளை வண்டியின் இடது கதவு

கருவியைக் கதவின் மேல் வைத்ததும் 'பீப்' என்றது. எண்ணைப் பார்த்தேன். நம்ப முடியாமல் அந்த இடத்தை மென்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். அதே எண்தான்.

"என்ன பாய், மூஞ்சி ஒரு மாரியா போவுது?" என்றான் செல்வம். வடாலாவில் நான் கார் பாலிஷ் கடை போட்ட நாளிலிருந்து என்னோடு இருப்பவன். நாங்குநேரிப் பக்கத்துக்காரன்.

"இடது கதவு ரெண்டும் மறு பெயின்ட்டுலே. முன் மட்கார்டும்தான்."

"இருக்கட்டுமே. பம்பாயில இடிபடாத வண்டி உண்டுமா?"

"இது யாரு வண்டின்னு தெரியும்லா?"

அது அஸ்லமின் வண்டி. அடுத்த மாதம் என் மகள் நஸ்ரினை நிக்காஹ் செய்துகொள்ளப் போகிற அஸ்லம். அன்று காலையில்தான் அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். "மாமா, நிக்காஹ்க்கு முன்னாடி பாலிஷ் போட்டு, கோட்டிங்கும் பண்ணிக் குடுத்துருங்க" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு ஷேர் டாக்ஸி பிடித்துப் போயிருந்தான்.

சாம்பல் நிற வண்டி. கழுவித் துடைத்து, மேலே வெள்ளை விளக்கைப் போட்டபோது பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஷாம்பு நுரை வாசனையும் ஈரச் சிமென்ட் தரையின் வாசனையுமாக இருந்தது கடை. வெளியே தலைக்கு மேல் மோனோ ரயில் ஊர்ந்து போயிற்று. நான் கருவியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன்.

சந்தேகப் பிராணி

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு நான் எப்படிப்பட்ட ஆள் என்று இதற்குள் தெரிந்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. என் மனைவி ரஹ்மத் வைத்த பெயர். நான் மறுத்ததில்லை.

மறுப்பதற்கு என்ன இருக்கிறது? என் தொழில் அப்படி. வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர் ஒருத்தராவது உண்மை சொல்வாரா என்றால் கிடையாது. விடும்போது "ஒரு கீறல்கூட இல்லை" என்பார். எடுக்க வரும்போது போன தீபாவளிக்கு விழுந்த கீறலைக் காட்டி, "இது உங்க ஆள் பண்ணின வேலைதானே?" என்பார். எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்!

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். வண்டி உள்ளே வந்ததும் கழுவுவோம். டார்ச் அடித்துப் பார்ப்போம். பிறகு ஒவ்வொரு பேனலாக அந்தக் கருவியை வைப்போம். கைக்குள் அடங்குகிற சின்னக் கருவிதான். பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று சொல்லிவிடும். கம்பெனியில் அடித்த பெயின்ட் என்றால் வண்டி முழுக்க ஏறக்குறைய ஒரே எண் வரும். இடித்து, பட்டி பார்த்து, மறுபடி அடித்த இடத்தில் எண் எகிறும்.

வீம்புக்குச் செய்வதில்லை இது. பெயின்ட் மெலிந்த இடத்தில் தெரியாமல் மெஷினை அழுத்திவிட்டால் பளபளப்பு மேல்தோலோடு போய்விடும். அப்புறம் அந்த வண்டிக்காரன் காலில் விழுந்தாலும் தீராது.

மாட்டுங்கா மாமாவும் அவர் பானட்டும்

சந்தேகம் எப்படிச் சோறு போடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

மாட்டுங்காவில் ஒரு மாமா. பேங்க்கில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறுப்பு வண்டி. கோட்டிங் போட்டுக் கொடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், கடைக்கு வந்து சத்தம் போட்டார். "மெழுகைத் தடவிட்டு செராமிக்னு சொல்லி ஏமாத்தறேளா? பானட்டைப் பாரும்!"

பார்த்தேன். பானட்டின் நடுவில் மட்டும் மங்கல். சாய்த்து வெளிச்சம் அடித்தால் பொடிப்பொடிக் கீறல். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. கோட்டிங் போலி என்றால் வண்டி முழுக்கவல்லவா மங்கியிருக்க வேண்டும்? மாமா எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அவர் பில்டிங்குக்கு எதிரே அரை கிளாஸ் கட்டிங் சாயாவை வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் வண்டி துடைக்கிற ஆள் வந்தான். பம்பாயில் எல்லா பில்டிங்கிலும் இருப்பானே, ஒரு வாளி, ஒரே துணி, எல்லா வண்டிக்கும் அதே துணி! இவன்தான் என்று நினைத்தேன். ஆனால் மாமாவின் வண்டியை அவன் தொடவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மாமா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு இறங்கி வந்தார். பானட்டில் நேற்று இட்டிருந்த விபூதியைத் துண்டு முனையால் அழுத்தி, அழுத்தித் தேய்த்தார். புதிதாக மூன்று விரலால் பட்டை இழுத்தார். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

சாம்பலைப் போட்டுத் தேய்த்தால் பித்தளையே தேயும். கிட்டப் போய்ச் சொன்னேன். "சுவாமி பிரசாதம்யா, அது எப்படிக் கீறும்?" என்று கோபித்தார். "கீறாது சாமி, நீங்க தேய்க்கறதுதான் கீறுது. கண்ணாடியில இட்டுக்கோங்க" என்றேன். முறைத்தார். ஆனாலும் அன்றிலிருந்து கண்ணாடியில்தான் இடுகிறார். இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறார்.

குறையே இல்லாத வரன்

இப்படி இருக்கிற ஆளிடம் குறையே இல்லாத மாப்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்?

ரஹ்மத்தின் தூரத்துச் சொந்தம் ஒருத்தி மூலமாக வந்த வரன் அஸ்லம். மேலப்பாளையத்துக் குடும்பம், செம்பூரில் வீடு. தாதரில் ஓர் ஆபீஸில் கணக்கு வேலை. பீடி கிடையாது, குடி கிடையாது, ஐந்து வேளைத் தொழுகை. என் மகளும் தாதரில்தான் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்தாள். போக்குவரத்துக்குக்கூடக் கஷ்டமில்லை என்றாள் ரஹ்மத்.

நான் சும்மா இருப்பேனா? செம்பூருக்குப் போனேன். அவன் பில்டிங் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவனுக்கு முடி வெட்டுகிறவனிடம் போய், வெட்டத் தேவையில்லாத தலையைக் கொடுத்து உட்கார்ந்தேன். ஜும்ஆவுக்கு அந்தப் பள்ளிவாசலுக்கே போய் நாலு பேரை விசாரித்தேன். தாதர் பக்கம் மட்டும் போகவில்லை, மகள் கண்ணில் பட்டுவிடுவேனே. எல்லாரும் ஒரே வார்த்தை: தங்கமான பையன்.

"எல்லாரும் சொல்லி வச்ச மாரி சொல்லுதானுவோ. எனக்கு சரியாப் படல" என்றேன் வீட்டில்.

"நல்லவன்னு சொன்னாலும் ஒங்களுக்குப் பொறுக்காதா?" என்றாள் ரஹ்மத். "மவளுக்குப் புடிச்சிருக்காம். நாங் கேட்டுட்டேன். பேசாம நாளக் குறிங்க."

நாளைக் குறித்தோம். ஆனால் மனசு ஆறவில்லை. எங்கேயோ ஏதோ இருக்கிறது, என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை என்றே இருந்தது. அந்த நிலையில்தான் வண்டி என் கைக்கு வந்தது.

இடது பக்கம்

நம் ஊரில் ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்காருகிறான். ஓட்டப் பழகுகிறவனுக்கு வலது பக்க இடம் தெரியும். இடது பக்கம் எங்கே முடிகிறது என்று தெரியாது. அதனால் புதிதாக ஓட்டுகிறவர்கள் இடது பக்கத்தைத்தான் தூணிலும் கேட்டிலும் கொண்டுபோய் உரசுவார்கள். கையளவு தள்ளித் தள்ளிக் கருவியை வைத்துப் பார்த்தேன். முன் மட்கார்டில் ஆரம்பித்துப் பின் கதவு வரைக்கும், முழங்கால் உயரத்தில் ஒரே கோடாகப் பட்டி பார்த்திருந்தது.

ஆனால் அஸ்லம் காலேஜ் நாளிலிருந்து ஓட்டுகிறவன். லோணாவளா மலை வரை தானே ஓட்டிப் போய் வந்திருக்கிறான் என்று அவன் வாப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவன் இப்படிப் போய் இடிப்பானா? குடித்திருந்தால் இடிப்பான். தூக்கத்தில் இருந்தால் இடிப்பான். இடித்தது தூணையா, ஓரமாக நடந்துபோன ஏதாவது ஏழையையா?

ஒரே பெண். அவளைத் தூக்கி இவன் கையில் கொடுக்கப் போகிறேன்.

சாயங்காலம் அஸ்லம் வந்தான். நான் சிரித்த முகமாக, "தம்பி, வண்டி எங்கயாவது பட்டிச்சா?" என்று கேட்டேன்.

வண்டியைப் பார்த்தான். தன் ஷூவைப் பார்த்தான். "இல்லயே மாமா" என்றான்.

பளிச்சென்று ஒரு பொய். முகத்துக்கு நேரே. எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால் ஒரு நிம்மதிதான் வந்தது. கடைசியில் பிடித்துவிட்டேன் என்கிற நிம்மதி.

"சரி தம்பி. கோட்டிங் காயணும். வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றேன். கோட்டிங் பாட்டிலை நான் இன்னும் திறக்கவே இல்லை.

தேவ்நார் கொட்டகை

பெயின்ட் அடிக்கிறவர்களில் பல பேர் கதவு ஓரத்து ரப்பர் மேல் டேப்பை ஒட்டிவிட்டு அடிப்பார்கள். டேப்பை உரித்தால் அங்கே ஒரு கோடு தெரியும். அஸ்லம் வண்டியில் கோடு இல்லை. ரப்பருக்கு அடியில் கயிற்றைக் கொடுத்துத் தூக்கிவிட்டு அடித்திருந்தார்கள். எனக்குத் தெரிந்து செம்பூர்ப் பக்கத்தில் அப்படிச் செய்கிறவன் ஒருத்தன்தான்: தேவ்நாரில் தகரக் கொட்டகை வைத்திருக்கும் ரஃபீக். உத்தரப் பிரதேசத்துக்காரன். என்னோடு பழக்கம் உண்டு.

போனேன். தின்னர் நெடி மூக்கைப் பிடுங்கியது. செல்போனில் வண்டிப் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாத் நஹி பாய்" என்றான். ஞாபகம் இல்லையாம்!

நான் அவன் கொடுத்த சாயாவைக் குடித்தேன். இன்னொரு சாயா கேட்டேன். எழுந்திருக்கவே இல்லை. அவன் ஒரு கதவுக்கு உப்புத்தாள் போட்டு முடிக்கிற வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"ஜானே தோ நா, காதர் பாய்" என்றான் கடைசியில், விட்டுவிடுங்களேன் என்கிற மாதிரி. "லட்கா அச்சா ஹை. நல்ல பையன். லட்கிதான் ரொம்ப அழுதா."

"லட்கியா? எந்தப் பொண்ணு?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு வேறு வழியில்லாமல் இந்தியில் சொன்னான். மழைக்காலத்துக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டியில் ஒரு பெண். புர்கா போட்டிருந்தாள், முகம் பார்க்கவில்லை. வண்டியை விட்டு இறங்காமல் அழுதபடியே இருந்தாள். பையன் ஐஸ்கிரீம் வாங்கிவந்து கொடுத்துக் கெஞ்சிக் கெஞ்சிச் சமாதானப்படுத்தினானாம்.

மழைக்காலத்துக்கு முந்தி என்றால் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சே ஆரம்பிக்கவில்லை. அடப்பாவி, வேறொருத்தியை அழ வைத்துவிட்டா என் வீட்டுப் படி ஏறினாய்! திரும்பி வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை

அஸ்லமையும் அவன் வாப்பாவையும் தாராவிக்கு, எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. ரஹ்மத்திடமும் சொல்லவில்லை. அவள் பாவம், விருந்தாளி வருகிறார்கள் என்று சமோசா பொரித்தாள். கீழ்த்தளத்தில் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் தரையில் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயாவைக் குடித்து முடிக்க விட்டேன். பிறகு ஆரம்பித்தேன். கதவு, மட்கார்டு, ரஃபீக் கொட்டகை, எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் விஷயத்தைக் கடைசியில் போட்டேன்.

அவன் வாப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. "என்னலே இது? வண்டி இடிச்சது எனக்கே தெரியாதே?" என்று மகனைப் பார்த்தார்.

"இடிச்சது உண்மைதான் வாப்பா. நான்தான் இடிச்சேன்" என்றான் அஸ்லம்.

"அந்தப் புள்ள யாரு?" என்றேன்.

அஸ்லம் காலி கிளாஸை எடுத்துத் தள்ளி வைத்தான்.

"கேக்கேன்லா? யாரு?"

"அத நான் சொல்லக் கூடாது மாமா."

"கேட்டியளா!" என்றேன் அவன் வாப்பாவிடம். "நாளைக்கு எம் மவளுக்கு இதே கதிதான? இந்தச் சம்பந்தம் வேண்டாம். நல்லபடியா முடிச்சுக்கிடுவோம்."

ரஹ்மத் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவன் வாப்பா எழுந்து செருப்பைத் தேடினார். சரியானதைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"உம்மா, கொஞ்சம் நவுருங்க" என்று ஒரு குரல். அடுப்படித் திரையைத் தள்ளிக்கொண்டு நஸ்ரின் வந்தாள்.

"நீ உள்ள போ" என்றேன்.

"அரைகுறையாக் கண்டுபுடிச்சிருக்கிய வாப்பா" என்றாள். "அழுதது நான்தான். வண்டிய இடிச்சதும் நான்தான்."

எல்லாவற்றையும் அவளே சொன்னாள். தாதரில் இரண்டு ஆபீஸும் ஒரே பில்டிங்காம். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பழக்கமாம். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் இவனிடம் கார் ஓட்டப் பழகத்தானாம். வடாலா உப்பளத்துப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தபோது, மாடு குறுக்கே வந்து, பயத்தில் இடது பக்கம் திருப்பி, அங்கிருந்த ஓர் இரும்பு கேட்டில் உரசிவிட்டாளாம். அந்த வரனைச் சொந்தக்காரி மூலமாக வரவழைத்ததும் இவள் ஏற்பாடுதானாம்!

"கார் ஓட்டணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ரெண்டு தரம் கேட்டேன். 'பொட்டப் புள்ளைக்கு எதுக்கு, எங்க போறதுக்கு'ன்னு கேட்டிய."

கேட்டிருப்பேன். கேட்கக்கூடிய ஆள்தான் நான்.

"சரி, இவன் எதுக்கு என்கிட்ட பொய் சொன்னான்? இடிக்கலன்னு சொன்னானே!"

"நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள். "வண்டிய ஒங்க கடைக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். இவங்க ஆமான்னு சொல்லியிருந்தா அதோட விட்டிருப்பிய. இல்லன்னு சொன்னாத்தான் தேவ்நார் வரைக்கும் போவிய."

அஸ்லம் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறானோ என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சந்தேகம்.

"எதுக்குட்டி இவ்வளவும்? வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"நான் சொன்னா நம்புவியளா வாப்பா? நீங்களாக் கண்டுபுடிச்சாத்தான ஒங்களுக்கு நம்பிக்கை வரும்?" இதுவரை தைரியமாகப் பேசியவளுக்குக் குரல் உடைந்தது. "நிக்காஹ் முடிஞ்ச பொறவு எவனாவது வந்து சொல்லி, நீங்க தெரிஞ்சுக்கிட்டா, ஆயுசுக்கும் என் மூஞ்சியச் சந்தேகமாவே பாப்பிய. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாது. எல்லாம் தெரிஞ்சு, நீங்க மனசாரக் குடுத்து, நான் போவணும். அதுக்குத்தான்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவமானமாகவும் இருந்தது, வெளியாள் முன்னால். அறைந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. என் பார்வைக்குப் பயந்து என் மகள் இவ்வளவு பெரிய வேலை பார்த்திருக்கிறாள்.

அவன் வாப்பா தேடிய செருப்பை விட்டுவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார். என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "காதர் பாய், ஒங்க மவ எங்க வண்டிய இடிச்சிருக்கா. கோவப்பட வேண்டியவன் நான்லா?" என்றார். ரஹ்மத் அழுகையும் சிரிப்புமாக அடுப்படிக்கு ஓடினாள், சமோசா தீய்கிற வாடை வந்தது.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, நஸ்ரின் சாயா கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நிக்காஹ் அதே தேதியில்தான் என்று முடிவாகியிருந்தது. எனக்கு மட்டும் இன்னும் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அடக்க முடியவில்லை.

"இவ்வளவுதானா? எனக்குத் தெரியாதது இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் காலேஜுக்குப் போனப்ப என் சிநேகிதியோட உம்மாகிட்ட கேட்டிய. வேலைக்குப் போனப்ப எங்க பில்டிங் சாயாக்கடையில கேட்டிய. இவங்கள எனக்குப் புடிச்சிருக்கான்னுகூட உம்மாவ விட்டுத்தான் கேட்டிய" என்றாள். "வாப்பா, இப்பத்தான் மொத மொதல்ல என்கிட்ட கேக்குதிய."

என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் பேசினாள். நான் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.